ஆல்பர்ட் வூட்டு சிவப்பு கிட்டார்

இயேசு மரி சூசை

விருத்தாசலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெனிபருக்கு அம்மா எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீ அந்த அயர்லாந்து குளுருல நேரத்துக்கு சாப்பிட்டு சுகமா இருக்கணும்னு மாதாகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். போன்லயே எல்லாம் சொல்லிடலாம், ஆனா தெனம் ஒரு பக்கம் கையால எழுதுனா வெரலு பழகும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க இல்ல, சும்மா எதையாவது எழுதுறதுக்கு உனக்கே எழுதலாமேன்னு உக்காந்துட்டேன், எழுத்து கோணலா இருந்தா சிரிக்காத. பாண்டிச்சேரி செக்கப்புல எல்லாம் சரியா இருக்குதுன்னு டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். முடி காது வரைக்கும் வந்துடுச்சு, எனக்கு எப்பவும் இல்லாத சுருட்டை முடி. வெரல் நுனி மரத்துப் போனது மட்டும் இன்னும் விடல, அந்த கீமோ மருந்துக்கு அப்படித்தான், மெதுவாத்தான் சரியாகும்னாங்க. டம்ளரைப் புடிச்சா சூடு தெரிய மாட்டேங்குது.

நான் கண்ணு வரையிற வேலை பாத்த பீங்கான் பொம்மை கம்பெனிக்கு ஒரு நாள் போய்ப் பாத்தேன். சூப்பர்வைசர் நல்ல மனுசன், நாற்காலி போட்டு உக்கார வெச்சு ஒரு பொம்மையைக் கையில குடுத்தாரு. கண்ணு வரைய ஆரம்பிச்சேன், பிரஷ் எங்க இருக்குதுன்னே வெரலுக்குத் தெரியல, கோடு கன்னத்துக்குப் போயிடுச்சு. மெதுவா வாங்கக்கான்னுதான் எல்லாரும் சொன்னாங்க. வூட்டுக்கு வந்து அழுதேன், உன்கிட்ட சொல்லல. அதுக்கப்புறந்தான் இந்த கிட்டார் பேச்சு வந்துச்சு. பூசை முடிஞ்சு வெளிய வரும்போது நம்ம பாடற்குழு டோமினிக், கருவேப்பிலங்குறிச்சி ஆல்பர்ட் அவரோட பழைய எலக்ட்ரிக் கிட்டாரை விக்கிறாரு, சத்தம் நல்லா இருக்குது, பெயிண்ட்தான் பாக்கவே முடியலன்னு சொல்லி போன்ல போட்டோ காட்டினாரு. சிவப்பு பெயிண்ட் பொருக்குப் பொருக்கா உரிஞ்சு கெடந்துச்சு. அதை வாங்கி நானே பெயிண்ட் அடிக்கணும்னு எனக்கு ஒரே ஆசையாயிடுச்சு ஜெனி. நீ சிரிப்ப, கிட்டாருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு கேப்ப. பொம்மையில கண்ணு உளுந்தளவு, இது ஒரு மொறம் அளவு இருக்குது, பெரிய பிரஷ்ஷா எடுத்துக்கலாம். சூளைக்குப் போயிட்ட பொம்மையில கோடு தப்புனா தப்புனதுதான், இதுல தப்புனா தேய்ச்சிட்டு மறுபடி போடலாம். முடிச்சுக் குடுங்க, கிறிஸ்மஸ் பூசைக்கு நானே வாசிக்கிறேன்னு டோமினிக்கும் சொன்னாரு.

அப்பா வேணாம்னுட்டாரு. பழைய பெயிண்டைத் தேய்க்கிற தூசும் தின்னர் வாடையும் இப்ப உன் உடம்புக்கு ஆவுமான்னு ஒரு கேள்வி கேட்டுட்டுக் கடைக்குக் கெளம்பிட்டாரு. நம்ம ஹார்டுவேர் கடையில உப்புத்தாள் கட்டுக்கட்டா அடுக்கி இருக்குது, கட்டின பொண்டாட்டிக்கு ஒரு தாள் தரமாட்டேன்னா எனக்குக் கோவம் வராதா. செக்கப்புலயே டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன், அவங்க சிரிச்சுட்டு, வெளிய காத்தாட வெச்சு, மாஸ்க் போட்டுக்கிட்டு, தேய்க்கிறதை வேற ஆளு செய்ய நீங்க தள்ளி நின்னு பாத்துட்டு, வாடை இல்லாத பெயிண்டா பூசுங்கன்னாங்க. அதையும் அப்பாகிட்ட சொன்னேன், ம் கொட்டினாரு. சரி, பாக்கிறதுல என்ன தப்புன்னு போன வாரம் வெள்ளிக்கிழமை காலையில போயிட்டு வரேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து நான் தனியா பஸ் ஏறுனது அன்னிக்குத்தான்.

ஆல்பர்ட் முன்னாடி பாட்டுக் கச்சேரிக்கெல்லாம் வாசிச்சவரு, இப்ப டைல்ஸ் ஒட்டுற வேலை. ஒளிவுமறைவு இல்லாம பேசுனாரு. பிளக் மாட்டுற எடத்துல ஒயர் விட்டுவிட்டுப் புடிக்குது, ஈயம் பத்த வெச்சுத் தர்றேன், மரம் மட்டும் கல்லு மாதிரி இருக்குதுன்னாரு. நகத்தால சொரண்டிப் பாத்தேன், சிவப்புக்கு அடியில கருப்பு, கருப்புக்கு அடியில வெளுப்பா மரம். சத்தம் பாக்கிறீங்களாக்கான்னு கேட்டு ஸ்பீக்கர்ல மாட்டி கம்பியை ஒரு தட்டு தட்டினாரு பாரு, வாசல்ல மேஞ்ச கோழியெல்லாம் ஓடிப் போயிடுச்சு. அப்ப என் கை அந்த மரத்து மேல இருந்துச்சு. ஜெனி, அந்த அதிர்வு என் வெரலுக்குத் தெரிஞ்சுது. சூடு தெரியாத, பிரஷ் தெரியாத அதே வெரல் நுனியில கிர்ருன்னு ஏறிச்சு. இன்னொரு தடவை வாசிங்கன்னேன், வாசிச்சாரு, மறுபடியும் தெரிஞ்சுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அவரு பாவம் பயந்து போயி பொண்டாட்டியைக் கூப்பிட்டாரு.

நிமிந்து பாத்தா வாசப்படியில உங்கப்பா நிக்கிறாரு. கடையைச் சாத்திட்டு டிவிஎஸ் வண்டியில பஸ் பின்னாடியே வந்திருக்காரு. ஏன் வந்தீங்கன்னு கேட்டேன். நீ கடைக்கு எதிர்ல பஸ்ஸுல ஏறும்போது கால் தடுமாறுச்சு, அதைப் பாத்ததுக்கப்புறம் கடையில உக்கார முடியல, எனக்கு இன்னும் பயமாவே இருக்குது மேரின்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அவ்வளவு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒரு வார்த்தை அப்படிச் சொல்லாத மனுசன். என் கோவமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. கிட்டார் மேல இருந்து கையை எடுத்துட்டு, வேணாம் ஆல்பர்ட், நாங்க கெளம்புறோம்னேன். நெசமாவே மனசாரத்தான் சொன்னேன். ஆனா வெரல்ல அதிர்வு தெரிஞ்ச சங்கதியை அப்பாகிட்ட சொல்லாம இருக்க முடியல. கேட்டுட்டு செருப்பைக் கழட்டிட்டு பக்கத்துல வந்தாரு. அப்புறம் ஆல்பர்ட்டைப் பாத்து, இன்னொரு தபா வாசிங்க தம்பின்னு சொல்லி என் கையை எடுத்து அவரே மரத்து மேல வெச்சாரு. தெரியுதான்னாரு. தெரியுதுன்னேன். சரி, தூசு வேலை என்னுது, நீ கிட்டயே வரக்கூடாது, பெயிண்ட் வேலை உன்னுதுன்னு சொல்லிட்டாரு. வெலை படிஞ்சுது. ஆல்பர்ட் கிட்டாரோட கழுத்தை ஸ்க்ரூ கழட்டித் தனியாக்கி, உள்ள இருந்த ஒயரையெல்லாம் எடுத்து வெச்சிக்கிட்டு, பெயிண்ட் காஞ்சதும் நானே வந்து மாட்டித் தர்றேன்னாரு. அவரு பொண்டாட்டி எங்களைச் சாப்பிடாம விடல.

மொட்டைமாடியில தேய்க்கிற வேலையெல்லாம் அப்பாதான், நான் தள்ளி நாற்காலி போட்டு அதட்டிக்கிட்டு இருக்கேன். பழைய பெயிண்ட் பூரா போனதும் நேத்து நீலம் முதல் கோட்டிங் போட்டேன், ஓரத்துல வழிஞ்சிடுச்சு, காயட்டும், தேய்ச்சிட்டுப் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன். நீ வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து என்னைக் கொழந்தை மாதிரி குளிப்பாட்டி, வாந்தி எடுத்ததை அள்ளி, ராவெல்லாம் முழிச்சிருந்ததாலதான் நான் இன்னிக்கு ஒரு நாற்காலியில உக்காந்து உங்கப்பாவை அதட்டுறேன். பெத்த பொண்ணுக்கு நன்றி சொல்றது நம்ம வூட்டுல வழக்கம் இல்ல. பேச்சுல வராது, அதான் எழுதுறேன், நன்றிம்மா.

மாதா உன்னை எப்பவும் கைக்குள்ள வெச்சுக் காப்பாத்தட்டும். நைட் டூட்டி முடிஞ்சு வெறும் வயித்தோட படுக்காத. ஒண்ணு மட்டும் மறந்துடாத, அம்மாவுக்கு என்ன ஆச்சோன்னு நேரங்கெட்ட நேரத்துல முழிச்சு போன் பண்ணாத. ஒரு நாளைக்கு ஒரு தடவை கூப்புடு, போதும், மத்த நேரம் நிம்மதியா தூங்கு கண்ணு.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
சூ. உபகாரமேரி