அச்சு, அண்ணன் தம்பி, பக்கத்து வீடு

இன்று காலை புதிதாக வேலைக்கு வந்த பெண் இரண்டு நீல மூடிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மெஷினிலிருந்து அப்போதுதான் விழுந்தவை, சூடு ஆறவில்லை. அந்தப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் உன்னைத் தேடிப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய சாப்பாட்டுப் பைதான் இருந்தது.

"அக்கா, இது ஓகேவா?"

செனாய் தொழிற்சாலையில் நம் வேலையே அதுதானே. கிரீம் டப்பா மூடியை விளக்கடியில் பிடித்து, நூலில் தொங்கும் மூல மூடியோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. மதியத்துக்குள் கண் பூத்துவிடும். அந்தச் சலிப்பில்தான் நீ மூடிகளுக்கு உறவுமுறை வைத்தாய். முழுக்கப் பொருந்தினால் 'அச்சு'. துளி விலகினால் 'அண்ணன் தம்பி', போகட்டும். இன்னும் விலகினால் 'ஒண்ணுவிட்டது', சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும். ஒட்டவே ஒட்டாவிட்டால் 'பக்கத்து வீடு', சிவப்புப் பெட்டிக்குப் போகும். நம் சீன சூப்பர்வைசர்கூட "இன்னிக்கு பக்கத்து வீடு எத்தனை லா?" என்று கேட்கத் தொடங்கினாரே.

நம் இருவருக்கும் ஒரே உயரம், ஒரே சுருட்டை முடி, ஒரே சோடாபுட்டிக் கண்ணாடி. கேண்டீனில் யாராவது "அக்கா தங்கச்சியா?" என்று கேட்டால் நீ என் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்புவாய்.

"ஒண்ணுவிட்டதுதான் லா. கலர் கொஞ்சம் ஓடியிருக்கு."

எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். உள்ளே மட்டும் சுருக்கென்றிருக்கும். உனக்கு உன் ஊர் லாபிஸில் மூன்று அக்காக்கள், ஞாயிறு பூசைக்குப் போனால் ஒரு வரிசையே உங்கள் குடும்பம். நான் வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. உன் வாயால் அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஒரு தடவ அச்சுன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

"அலமாக், சும்மால்லாம் பாஸ் பண்ண முடியாது. குவாலிட்டி முக்கியம்."

அன்று வேலை விட்டு உலு திராம் வந்து சேரும்வரை பஸ்ஸில் உன்னோடு நான் பேசவில்லை. மறுநாள் உன் நாசி லெமாக் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினாய், சரியாகிவிட்டது.

பிறகு ஆஸ்பத்திரி. உன்னைப் படுக்கவைத்திருந்த பிரிவுக்குள் சொந்தக்காரர்களைத்தான் விடுவார்கள். உன் கட்டில் கண்ணில் படுகிற தூரத்தில் தாதி என்னை நிறுத்தி, நோயாளிக்கு நான் என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மையைச் சொன்னால் உள்ளே விடமாட்டார். நீ முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியை ஒரு கையால் விலக்கினாய்.

"அச்சு," என்றாய்.

அது தமிழில் ஏதோ ஓர் உறவுமுறை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "ஓ, அச்சு," என்று தலையாட்டி வழிவிட்டார். நீ சிரித்தாய். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண் காத்திருந்தாள். மூடிகளை விளக்கடியில் பிடித்தேன். ஒன்றை "ஒண்ணுவிட்டது" என்று தள்ளிவைத்தேன், அவளுக்குச் சிரிப்பு வந்தது. உன் உறவுமுறைகளை எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. மற்ற மூடி மூலத்தோடு அப்படியே பொருந்தியது. அதற்கு "சரி" என்று மட்டும் சொன்னேன்.