நீ குடிக்காத தண்ணீர்

இன்று மதியம் நம் கடை மாடியில் பட்டுப் பிரிவுக்கு ஒரு அம்மா வந்தார். உட்கார்ந்ததும் வழக்கம்போல் தட்டில் தண்ணீர் வந்தது. வாங்கிப் பக்கத்தில் வைத்தவர் மகள் கல்யாணப் பேச்சில் அதை மறந்தே போனார். எந்தப் புடவையும் மனசுக்குப் பிடிக்காமல் அவர் எழுந்து போன பிறகு, கண்ணாடி மேசைமேல் அந்த டம்ளர் மட்டும் யாரும் வாய் வைக்காமல் நிறைந்து நின்றது. பிரித்துப் போட்ட புடவைகளை மடிக்க வேண்டிய நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்னமும் நிறைந்த டம்ளரைப் பார்த்தால் எனக்கு உன் முகம்தான் வருகிறது.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் இந்தக் கடையில் சேர்ந்தோம். நான் சிதம்பரத்திலேயே இருப்பவள். நீ குமராட்சிப் பக்கத்திலிருந்து மினி பஸ்ஸில் நசுங்கி வருவாய். நான் தபால் வழியில் தமிழ் படித்தவள் என்று தெரிந்ததிலிருந்து உனக்குக் கொண்டாட்டம். கஸ்டமரிடம் நான் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் போதும், "தமிழம்மா ஆரம்பிச்சிட்டாங்க, இனிமே புடவ வித்த மாதிரிதான்" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போவாய். வேலையில் உன்னை மிஞ்ச ஆளில்லை. ஒரு உதறலில் புடவை முழுவதும் விரிந்து முந்தானை கஸ்டமர் மடியில் போய் விழும். அந்த உதறலை நான் இன்றுவரை பழகவில்லை.

உனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டிலிருந்து நிறைய தண்ணீர் பிடித்த பாட்டிலைக் கொண்டுவருவாய். சாயங்காலம் அதை அப்படியே திரும்ப எடுத்துப் போவாய். பெண்களுக்கான கழிப்பறை மூன்றாவது மாடியில், குடோனுக்குப் பின்னால் இருந்தது. அதன் சாவி சூப்பர்வைசர் சட்டைப்பையில் இருந்தது. போக வேண்டுமானால் அவர் முன்னால் போய் நின்று "சார், சாவி" என்று கேட்க வேண்டும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "இப்பதானம்மா போயிட்டு வந்த" என்பார், சில சமயம் கஸ்டமர் காதில் விழும்படியே. கெட்ட மனுஷர் இல்லை; மாடியில் ஆள் குறைந்தால் கீழே முதலாளியிடம் அவருக்குத் திட்டு விழும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் நாம் எல்லோரும் தண்ணீரையே விட்டோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சேர்ந்த சில நாளிலேயே ஒவ்வொருத்தியும் தானாகக் கற்றுக்கொண்டாள். அதில் நீ கெட்டிக்காரி. "காலையில ஒரு காபி. அவ்ளோதான். சாயங்காலம் வரைக்கும் அசைய மாட்டேன், தெரியுமா?" என்பாய், பரீட்சையில் முதலாக வந்தவள் மாதிரி. நானும் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டேன்.

உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது நமக்கும் ஸ்டூல் வந்தது. ஸ்டூல் இருந்தது, உட்கார யாருக்கும் தைரியம் இல்லை. ராத்திரி கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கும். நீ பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் பர்ஸிலேயே வைத்திருந்தாய். எனக்கும் கொடுப்பாய். எனக்கு அது வயிற்றைப் புரட்டியதால் விட்டுவிட்டேன். உனக்கு ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டதாக நினைத்தோம்.

முதலில் அடிவயிற்றில் எரிச்சல் என்றாய். பிறகு முதுகில் வலி. அப்புறம் காலையில் எழுந்தால் முகமே உப்பியிருந்தது. "புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்டி" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாய். ஒரு நாள் புடவையை உதற முடியாமல் அப்படியே மேசைமேல் கவிழ்ந்தாய். உன் வீட்டுக்காரர் கொத்து வேலையைப் பாதியில் விட்டு, கையில் சிமெண்ட் காயாமல் ஓடிவந்தார். மூவருமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நம் பக்கத்தில் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் வலி ஒருவருக்கு, வாய் இன்னொருவருக்கு. நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். அந்தப் பெண் டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் உன் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். பசி எடுக்குமா, தூக்கம் வருமா, எல்லாவற்றுக்கும் அவரே.

"தண்ணி நல்லா குடிக்கிறாங்களா?"

"அதெல்லாம் குடிப்பா டாக்டர். தெனமும் பாட்டில் எடுத்துட்டுதான் போவா."

அப்போதுதான் நீ நிமிர்ந்தாய். "எடுத்துட்டுப் போவேன். குடிக்க மாட்டேன். அவருக்குத் தெரியாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் குடிக்கிறதில்ல?"

"குடிச்சா போவணும். போவணும்னா சாவி கேக்கணும். கேக்கறதுக்கு வெக்கமா இருக்கும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாய். அடக்கிக்கொண்டு நின்றது, எரிச்சல் எத்தனை முறை வந்து போனது, பர்ஸில் இருந்த மாத்திரை. மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தபோது டாக்டர் முகம் மாறியது. சோதனையெல்லாம் முடிந்து, சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது என்று அவர் சொன்ன நாளில், உன் வீட்டுக்காரர் "தண்ணி குடிக்காததாலயா டாக்டர்?" என்று கேட்டார். "இது ஒண்ணுதான்னு கை காட்ட முடியாதுங்க. எல்லாம் சேந்துதான் இங்க கொண்டாந்து விட்டிருக்கு. இவங்க சொன்னதாலதான் எனக்கே புரிஞ்சுது. இன்னும் முன்னாடி வந்து சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார் அவர்.

வெளியே வேப்பமரத்தடியில் உன் வீட்டுக்காரர் அழுதார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே இப்பதான் சொல்ல வந்துது" என்றாய் நீ. அவர்மேல் கோபப்பட்டுச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாய்.

வாரம் இரண்டு முறை கடலூருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. எனக்கு விடுமுறை விழும் நாளில் நானும் கூட வருவேன். அந்த பஸ் பயணங்களில் நாம் பேசியதை வேறு எங்கும் பேசியதில்லை. சாவுக்குப் பயமாக இருக்கிறது என்று நீ சொன்னது ஆலப்பாக்கம் தாண்டும்போது. "பயப்படாதே" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "அத மட்டும் சொல்லாத. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நீ சும்மா கேளு" என்றாய். கேட்டேன். அன்று எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு நாள் எனக்குத்தான் அவசரம். பஸ் கடலூர் போய்ச் சேரும்வரை தாங்காது போலிருந்தது. பழக்கப்படி பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். என் முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாய். எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, லேடீஸ் ஒருத்தவங்களுக்கு பாத்ரூம் போவணும். பெட்ரோல் பங்க் வருது பாருங்க, அங்க ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க" என்றாய். எனக்கு மானமே போனது. கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் நின்றது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் இறங்கி வருகிறார்கள். அவர்களும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான் திரும்ப ஏறியதும், "பாத்தியா, உனக்கு மட்டும்தான் வருதுன்னு நெனச்சியா?" என்று சிரித்தாய்.

உனக்கு அந்தத் தொல்லையே இல்லாமல் போயிருந்தது. சிறுநீர் இறங்குவது நின்றுபோனதால், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார்கள். நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில், அதிலேயே மாத்திரையும் காபியும் சேர்த்தி. நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, துப்பிய இடத்தையே பார்ப்பாய். ஆடிப் பெருக்கன்று உன் ஊருக்கு வந்தேன். கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனது. பெண்கள் மஞ்சளும் கருகமணியும் வைத்துப் படைத்துக்கொண்டிருந்தார்கள். நீ கரையில் குந்தியிருந்தாய். "இம்மாந் தண்ணி போவுது பாரு. குடிக்கலாம்னு இருந்தப்ப குடிக்கல. இப்ப நாக்கு கெடந்து தவிக்குது, குடிக்கக் கூடாதாம்" என்றாய். அப்புறம், "நீ இப்பல்லாம் குடிக்கிறியா?" என்று கேட்டாய். நான் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். உனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த வாரமே கடைக்கு வந்தாய். ஆடித் தள்ளுபடி, மாடிப்படியில்கூட கூட்டம். உன் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஊசி போட்ட கையை முந்தானையால் மூடிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்து, கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்தாய்.

"பட்டுப் புடவ காட்டுங்க."

விளையாடுகிறாய் என்று நினைத்தேன். நானும் பழக்கத்தில், "என்ன கலர்ல பாக்குறீங்க?" என்றேன்.

"எல்லாக் கலர்லயும். முழுசா பிரிச்சுக் காட்டுங்க, நுனிய மட்டும் காட்டிட்டு மடிக்காதீங்க."

பிரித்தேன். என் உதறலைப் பார்த்து உதட்டைச் சுழித்தாய். தட்டில் தண்ணீர் வந்தது. நீ டம்ளரை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். கூட்டத்தைப் பார்க்க மேலே வந்திருந்த முதலாளி உன்னை அடையாளம் கண்டு நின்றார். "நம்ம கடப் பொண்ணுதானே நீ? உடம்பு எப்படிம்மா இருக்கு?"

அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான். சாகக் கிடப்பவர்கூட அதைத்தான் சொல்வார்.

"நல்லா இல்லிங்க முதலாளி" என்றாய் நீ.

பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். நீ குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு கிட்னியும் போயிடுச்சுங்க. உங்கமேல கொற சொல்ல வரல, உதவி கேட்டும் வரல. இந்தத் தண்ணிய நான் இப்ப குடிக்கக் கூடாது. குடிக்கக் கூடிய காலத்துல இங்கதான் நின்னேன், சாவி கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு குடிக்காமயே நின்னேன். இந்தப் புள்ளைங்களும் அப்படித்தான் நிக்குதுங்க. யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

பிறகு டம்ளரை என்னிடம் நீட்டினாய். "நீ குடி."

கஸ்டமர் முன்னால் குடிக்கக் கூடாது என்பது கடை வழக்கம். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை, என் வீடு எல்லாம் கண் முன்னால் ஓடியது. வாங்கிக் குடித்தேன். ஒரே மூச்சில் முழுவதும் குடித்தேன். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து சாவியை எடுத்து, நான் கேட்காமலே நீட்டினார். நான் மூன்றாவது மாடிக்குப் போய்விட்டு வந்தபோது, நான் பிரித்துப் போட்ட புடவைகளை நீயே மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாய். மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை.

அந்த வாரமே படிக்கட்டுச் சுவரில் ஆணி அடித்து சாவியை மாட்டினார்கள். அதற்கு மேல் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஸ்டூலில் இப்போதும் பயந்து பயந்துதான் உட்காருகிறோம். ஆனால் பாட்டில்கள் காலியாகித் திரும்புகின்றன.

ஐப்பசியில் மழை கொட்டியது. உங்கள் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி மினி பஸ் நின்றது. கடலூருக்குப் போக வேண்டிய நாள் தவறியது, அடுத்த முறையும் தவறியது. டிராக்டரில் வைத்து உன்னைச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடிவந்தேன். என்னைப் பார்த்து ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தாய், முடியவில்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்ததும் உன் வீட்டுக்காரர் உன் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டார். பிறகு நான் விட்டேன். அத்தனை நாள் கழித்து, அன்றுதான் யாரும் அளவு பார்க்கவில்லை. உனக்கு விழுங்கத் தெம்பில்லை. கடைவாய் வழியாக வழிந்து தலையணை நனைந்தது. அதை மறக்க முடியவில்லை, மறக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

போன மாதம் எனக்கு அந்த எரிச்சல் வந்தது. அன்றைக்கே டாக்டரிடம் போனேன். வீட்டில், கூடவே வருகிறோம் என்றார்கள். வாங்க, ஆனால் நான்தான் பேசுவேன் என்றேன். பேசினேன். நாக்கு முதலில் கொஞ்சம் குழறியது, அப்புறம் சரியாகிவிட்டது. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், சொல்லத் தகுந்தவர்கள் என்றால் உள்ளதைச் சொல்கிறேன். சிலர் இப்போது என்னைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நீ இருந்தால் அதற்கும் சிரித்திருப்பாய். நீ இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்று அந்த டம்ளரை யாரும் எடுக்க வரவில்லை. நானே எடுத்தேன். எதிரில் இரண்டு கஸ்டமர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் போலவே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். கண் கலங்கியதைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல், ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.