பாக்ரோல் குட்டிக்குப் பூசிய விபூதி

அக்கா,

இன்று காலை லிஃப்டில் ஒரு நாய் ஏறியது. மழையில் நனைந்த நாய். பதினான்காவது மாடி வரைக்கும் அந்த வாசனை. இந்த நியூ டவுன் அடுக்குமாடிகளில் மழைக்கென்று வாசனை கிடையாது. கண்ணாடியில் வழிந்து போய்விடும். இறங்க மறந்து நின்றேன். நம் ஜிம்மி ஞாபகம். நீ ஞாபகம்.

நீ இல்லாத மூன்றாவது மழைக்காலம் இது.

சின்ன வயதில், சனிக்கிழமை ஆனால் பெஹாலா வீட்டைப் பூட்டிவிட்டுக் கிராமத்துக் குளத்தங்கரை வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். இரண்டு அறை, ஆறு வாத்து, ஜிம்மி. கோடையில் மாம்பழத்துக்கு வௌவால்கள். குளிரில் ஈச்சஞ்சாறு வடியும் பானையில் வாய் வைக்கும் மரநாய். மழை மட்டும் உனக்கு. தவளைகளுக்கெல்லாம் பேர் வைத்திருந்தாய்.

அந்தக் குட்டியைக் கோரைப்புல்லிலிருந்து தூக்கி வந்தவள் நீதான். சாம்பல் நிறம், கரும்புள்ளிகள், குட்டை வால்.

“ஏட்டி, பூனக்குட்டி! கண்ணப் பாரேன்!”

நம் வீட்டு வழக்கம். வாசல் தாண்டி வரும் எந்த உயிருக்கும் முதலில் நெற்றியில் விபூதி, பிறகு தயிர்ச்சாதம். ஒரு ஆமைக்குக்கூட நடந்தது. அம்மா பூசினாள். குட்டி சீறியது. தயிர்ச்சாதத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. பூனைகளைத் துரத்தியே வளர்ந்த ஜிம்மி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு வங்காளி மாஷி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “ஏ தோ பாக்ரோல்!”

பாக்ரோல் என்றால் மீன்பிடிப் பூனை. காட்டுப் பிராணி. சிரிப்பு நின்றதும் சொன்னாள்: இருட்டுவதற்குள் தாய் தேடி வரும், வேற்று வாசனை அடித்தால் விட்டுவிட்டுப் போனாலும் போய்விடும். பால் மறக்காத குட்டி. தாய் விட்டால் பிழைக்காது.

“நான் தூக்குனதே தப்பு. நீ விபூதி வேற!” என்று அம்மாவிடம் பாய்ந்தாய்.

“நான் என்னத்தக் கண்டேன்? காட்டுப்பூனைன்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?”

“எழுத எங்க எடம் விட்ட? பட்டையால்லா பூசியிருக்க!”

விபூதி வாசனை போகக் குளத்துச் சேற்றை எடுத்து அதன் நெற்றியில் தேய்த்தாய். உன் கையில் மூன்று கீறல். குட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பின்பக்க ஜன்னலுக்கு ஓடினோம். மழை விட்டிருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. குட்டி கத்தியது. மறுபடி கத்தியது.

“வருவா,” என்றாய். “வராம இருக்கமாட்டா.”

வந்தாள்.

கோரை அசைந்தது. நனைந்த தோள். குட்டியை முகர்ந்தாள். பின்வாங்கினாள். நான் மூச்சு விடவில்லை, அக்கா. திரும்ப முகர்ந்தாள். ஒரு தும்மல்! பிறகு நெற்றியை நக்கினாள். நக்கிக்கொண்டே இருந்தாள். சேறு, விபூதி, நம் வாசனை எல்லாம் போகும் வரை. கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு கோரைக்குள் மறைந்தாள்.

கத்தக் கூடாது. நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய். எலும்பு வரைக்கும். அதுதான் நம் கூச்சல்.

போன வாரம் அலுவலக ஜன்னல் விளிம்பில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. அத்தனை உயரத்தில், அலகில் மீனோடு. என்னை அறியாமல் பக்கத்து நாற்காலிக்காரியின் மணிக்கட்டை அழுத்திவிட்டேன்.

“கீ ஹோலோ?” என்ன ஆச்சு என்று பதறினாள்.

ஜன்னலைக் காட்டினேன். பார்த்தாள். அவளும் என் மணிக்கட்டை அழுத்தினாள்.