மடை அடைக்கிற ஆள்

12.8.2005, வெள்ளி

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த எங்கள் பெண் இரண்டு வயதில் பேச்சை இழந்து, ஓயாமல் கையைப் பிசைய ஆரம்பித்தாள். இரும்பை ஊரிலிருந்து வந்த என் மனைவியின் குடும்பத்து ரத்தம்தான் காரணம் என்று டீக்கடையில் மூன்று வருஷமாகச் சொல்லிவந்தவன் நான்தான். சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். ஊரே நம்பியது.

இன்று பாண்டிச்சேரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்தார். மூளையில் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு, எந்த மரபணு எப்போது அடங்கி இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் புரதம் ஒன்று இருக்கிறதாம். எம்.இ.சி.பி.2 என்று லாரி நம்பர் போல ஒரு பெயர். குழந்தையிடம் அது பழுது.

"உப்புப் பாத்தியில மடை அடைக்கிற ஆள் மாதிரிங்களா?" என்றாள் மனைவி. உப்பளத்து மேஸ்திரி நான், எனக்குத் தோன்றவில்லை.

"அதேதாம்மா. இது பரம்பரையா வர்றது இல்ல. புதுசா விழுற பிழை. பெரும்பாலும் அப்பாவோட விந்தணுவுல."

ஊர் திரும்பும் பஸ் கூனிமேட்டைத் தாண்டியது. அவள், "சாயங்காலம் டீக்கடைக்குப் போவீங்க இல்ல, இதையும் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போனேன். இரும்பைக்காரர்கள் மேல் தப்பில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் தட்டில் இன்னொரு தோசை விழுந்தது.

அப்பா பக்கத்துப் பிழை என்பதை மட்டும் அங்கே நான் சொல்லவில்லை.