கூறைச் சீலை வந்த ஊர்

நல்லூர்,
19.07.1992

அன்புள்ள மகன் நிமலனுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன்னுடைய அந்த மழை ஊரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். கொழும்புக்குப் போகும் ஒருவர் கையில், வெளிநாட்டுத் தபாலில் போடச் சொல்லி இதைக் கொடுத்தனுப்புகிறேன், எப்போது கிடைக்குமோ தெரியாது.

அம்மப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் வெள்ளிக்கிழமை நடந்தது. அன்று படித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் அவருடைய வாழ்க்கையைப் பாட்டாக எழுதியது இராசநாயகம் மாமா. மாயவரத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் துணிப் பொட்டலத்தோடு கப்பலேறி வந்து, மருதனார்மடச் சந்தையில் விரித்து விற்று, பிறகு பட்டினத்தில் கடை போட்டு, வெள்ளைக்காரன் காலத்திலேயே பட்டினசபை உறுப்பினரானவர் உன் அம்மப்பா. மாமாவின் பாட்டில் அவர் நல்லூரிலேயே பிறந்துவிட்டார். ஏன் அண்ணை என்று கேட்டதற்கு, “இந்திய ஆமி வந்து போன பிறகும் இந்தியாவிலை பிறந்தவரெண்டு அச்சிலை போட வேணுமோ, பிள்ளை?” என்றார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அடுத்த ஒழுங்கைப் பாலேஸ்வரி மாமி துக்கம் விசாரிக்க வந்தபோது, அம்மப்பா பட்டினசபைக்கு நின்ற காலத்துத் தேர்தல் கூட்டம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். கூட்டத்தில் யாரோ எழும்பி, இந்தியாவிலையிருந்து வந்த வடக்கத்தையானுக்கோ எங்கடை வோட்டு என்று கத்தினானாம். அம்மப்பா கோபிக்கவில்லையாம். “ஓம், நான் வடக்கத்தையான்தான். உங்கடை பெண்பிள்ளையளின்ரை கலியாணக் கூறைச் சீலையும் அங்கையிருந்துதான் வருது. அதை என்ன, வேலியிலையோ போடுறியள்?” என்றாராம். சனம் சிரித்துக் கைதட்டியதாம். செத்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அதனால் நான் மாமாவிடம் கேட்டேன். உண்மைதான் என்றார். எட்டு வயதில் மேடையில் ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்தாராம், கைதட்டல் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டாராம். மறுநாள் தொடங்கிப் பள்ளிக்கூடம் முடியும்வரை அவருக்கு ‘வடக்கத்தையான்’ என்பதுதான் பெயராம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஐயா ஊருக்கு முன்னால் சொன்னதை அவர் போன பிறகு நாங்கள் இல்லையென்று எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அச்சகத்துக்குப் போய் அந்த ஒரு வரியை மாற்றினேன். பாட்டின் ஓசை கெட்டுப்போனது. மாற்றியதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாமாதான் படித்தார். அந்த வரியில் நின்றுவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “மாயவரத்தில் பிறந்து” என்று மெதுவாகப் படித்தார். பிறகு யாரும் கேட்காமலே அதே வரியை இன்னொரு முறை, பின்வரிசைக்கும் கேட்கும்படி படித்தார். பாலேஸ்வரி மாமி, “ஓம், அப்பிடித்தான்” என்றார்.

எங்கிருந்து வந்தாய் என்று அங்கே கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் கதையை மாற்றிவிடுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். கடதாசித் தட்டுப்பாட்டில் பள்ளிக்கூடக் கொப்பித்தாளில் அச்சடித்த அந்தப் புத்தகம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் அந்த வரியைப் பார்.

நல்லூரான் உன்னைக் காக்கட்டும். சளி பிடித்தால் மருந்து எடு, சும்மா விடாதே. மாமாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது.

என்றும் அன்புடன்,
உன் அம்மா
குணலட்சுமி