ஆயுத பூஜையில் என் ரீங்காரம்

புரட்டாசி 9, வெள்ளி
காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் லேட்.
சூப்பர்வைசர் நாகராஜ் சார் சம்மதித்துவிட்டார்! ஆயுத பூஜை அன்று ஷெட்டில் மெஷின்களை நிறுத்தியதும், சினிமாப் பாட்டு போடுவதற்கு முன்னால், என் சிந்தசைசர் வாத்தியத்துக்குப் பத்து நிமிஷம். "யாருக்கும் புடிக்கலன்னா கை காட்டுவேன், நிறுத்திடணும்மா. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."
எட்டு வருஷம் வீட்டுச் சுவருக்கு வாசித்தது போதும். மனுஷர்கள் கேட்க வேண்டும். இந்த ஒரு வாய்ப்புதான்.

புரட்டாசி 11, ஞாயிறு
வெயில். துணி துவைக்கவில்லை.
சிந்தசைசர் பழைய ஜப்பான் பெட்டி, என்னைவிட மூத்தது. எந்தக் குமிழை எங்கே வைத்தோம் என்று அதற்கு நினைவிருக்காது. பதினாறு குமிழுக்கும் சாக்பீஸில் கோடு போட்டேன். அந்த இடங்களைக் கண்டுபிடிக்கவே மூன்று மாதம். டேப் ரெக்கார்டர் நாடாவை வளையமாக ஒட்டி, ஸ்டூல் காலைச் சுற்றி ஓடவிட்டேன். வாசித்தது திரும்பித் திரும்பி வருகிறது. தாளமில்லை, மெட்டில்லை. மிதக்கிற சத்தம்.
என் வீட்டுக்காரர்: "பேரிங் போன மோட்டாராட்டம் இருக்குது."
வாங்க: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ரவை, ஷாம்பு.

புரட்டாசி 14, புதன்
பெட்டியும் டேப் ரெக்கார்டரும் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆட்டோக்காரர் குழியெல்லாம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். புண்ணியவான்.

புரட்டாசி 15, வியாழன், பூஜை
பஸ்ஸில் எழுதுகிறேன்.
மதியம் பக்கத்து பெஞ்ச் மஞ்சுளா ஓடிவந்தாள். "அக்கா, உங்க பொட்டிய ஈரத்துணியில தொடச்சி, சந்தனம் குங்குமம் வெச்சிட்டேன்! குமிழெல்லாம் கண்டபடி திரும்பிக்கினு இருந்துச்சு, அத்தனையும் சைபர்ல வெச்சிட்டேன்க்கா."
மெஷினை நிறுத்தினால் குமிழ் சைபரில். எங்கள் ஷெட் விதி. ஈரத்துணி பட்டு, சாக்பீஸ் கோடு ஒன்றுகூட இல்லை. அவளைத் திட்ட வாய் வரவில்லை, பொட்டு அவ்வளவு அழகு. பாத்ரூமில் போய் அழுதேன்.
மூன்று மணி. பூசணிக்காய் உடைத்து, தீபாராதனை காட்டியாயிற்று. நான் போட்ட முதல் சத்தம், கிறீச். "மெயின்டனன்ஸக் கூப்பிடுங்கப்பா!" என்றது ஒரு குரல். ஷெட்டே சிரித்தது. நாகராஜ் சார் கை பாதி உயர்ந்துவிட்டது.
கண்ணை மூடிக்கொண்டேன். ஷெட்டில் நாள் முழுக்க ஓடும் கம்ப்ரஸர் நின்றும் அதன் ரீங்காரம் காதில் ஒட்டியிருந்தது. எல்லார் காதிலும் இருந்திருக்கும். அந்தச் சுருதியைத் தேடிக் குமிழைத் திருப்பினேன். கிடைத்தது! அதன்மேல் இன்னொன்றை மெல்ல ஏற்றினேன். நாடா சுற்றி வந்து இரண்டையும் சேர்த்துக்கொண்டது. மூன்று மாதம் தேடியதைவிட நன்றாக இருந்தது, சத்தியமாக.
சிரிப்பு நின்றது. முதலில் ஃபிட்டர் கோவிந்தப்பா தரையில் உட்கார்ந்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லாரும். பொரிப் பொட்டலத்தைக்கூட யாரும் பிரிக்கவில்லை. சார் கை எப்போது இறங்கியதென்று தெரியாது.
முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் இருபத்தாறு நிமிஷம். ஒருவரும் கைதட்டவில்லை.
கோவிந்தப்பா தலையைத் தூக்கினார். "ஏம்மா நிறுத்திட்ட?"
அப்புறம் எழுந்த கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. மஞ்சுளா கத்தியதுதான் எல்லாவற்றிலும் பெரிது. ஜெயித்துவிட்டேன்!

புரட்டாசி 16, வெள்ளி
லீவு. இதமான காற்று. ரவை உப்புமா.
நாகராஜ் சார் போன். "தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பு ஆளுங்க பொங்கலுக்கு நீ வந்து வாசிச்சே ஆகணும்னு நிக்கறாங்கம்மா. எவ்ளோ நேரம் வேணும்?"
ஒரு மணி நேரம் என்றேன். சார் பேரம் பேசவில்லை.