லேப்டாப்பில் இருந்த என் குரல்

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று ஈ ஓட்டினோம். பின்கட்டில் உட்கார்ந்து ஏழெட்டு லென்ஸ் தேய்த்தேன். முன்பெல்லாம் கண் பரிசோதனை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர் போகிறவரிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். குரல்வளையை எடுத்த பிறகு முதலாளி என்னைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார். இப்போது அரவை மெஷின் பேசுகிறது, நான் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் நீலத் திரை. அணைத்துப் போட்டேன். மறுபடியும் நீலம். "சூடாயிருக்கும், கொஞ்ச நேரம் விடுங்க" என்றாள் மனைவி. அவளுக்கு எல்லா மெஷினும் இஸ்திரிப் பெட்டிதான்.

மார்ச் 5, புதன்

ஆறப் போட்டும் நீலம்தான்.

என் குரல் அதற்குள் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அம்மாவுக்காக உட்கார்ந்து பதிவு செய்தது. அம்மா அண்ணன் வீட்டில், வெகு தூரத்தில் இருக்கிறாள். பார்வை மங்கல், எல்லாம் போனில்தான். "அவ இதயம் தாங்காதுடா, சொல்லாதே" என்றான் அண்ணன். அதனால் ஞாயிறுதோறும் போனை லேப்டாப்பை ஒட்டி வைத்து, அவள் பேசப் பேச ஒவ்வொரு வாக்கியமாக அழுத்துவேன். "சாப்டியாம்மா?" "மாத்திரை போட்டியா?" "ஆமாம்மா." "வேலை இருக்கு, வெச்சிடறேன்." மூன்று மாதமாக அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

வேறெங்கும் காப்பி எடுத்து வைக்கவில்லை. அலட்சியம்தான், வேறென்ன.

மார்ச் 6, வியாழன்

மனைவியின் தம்பிக்கு மெசேஜ் போட்டேன். கம்ப்யூட்டர் வேலை, வெளிநாடு. "விண்டோஸுக்குப் பதிலா ஓடற லினக்ஸோட இன்ஸ்டாலரை பென் டிரைவ்ல ஏத்தி, லேப்டாப்பை அதுலேர்ந்து பூட் பண்ணுங்க மாமா. 'ட்ரை'ன்னு ஒண்ணு வரும். அதை அழுத்தினா உள்ள இருக்கறதைத் தொடாமலே திறக்கும், ஃபைலை எடுத்துடலாம். 'இன்ஸ்டால்' பக்கம் மட்டும் கை போயிடக் கூடாது. எல்லாம் அழிஞ்சிடும்."

கடைசி வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப்பில் ஒட்டி வைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

கடைக் கம்ப்யூட்டரில் ஃபைலை இறக்கி, கல்யாண போட்டோவை ஏற்றுகிற மாதிரி பென் டிரைவில் இழுத்துப் போட்டேன். லேப்டாப் அதைச் சட்டையே செய்யவில்லை. மச்சினன் சிரிப்பு பொம்மைகளாக அனுப்பினான். சும்மா காப்பி செய்தால் ஆகாதாம். அதற்கென்று ஒரு புரோகிராம் இருக்கிறதாம், அது வழியாகத்தான் எழுத வேண்டுமாம். முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

மார்ச் 8, சனி

இன்று முறைப்படி எழுதினேன். மெனு வந்தது. 'ட்ரை' அழுத்தினேன். திரை கறுத்தது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி அணைந்தது. டீ ஆறும்வரை பார்த்தேன். கோடுதான்.

வெளி டிரைவைத் தடுக்கிற 'செக்யூர் பூட்' என்பதை மச்சினன் சொன்னபடி அணைத்தேன். மெனுவில் அவன் சொன்ன வார்த்தையைச் சேர்த்தேன். இன்னொரு பென் டிரைவ், அதைச் செருக இன்னொரு ஓட்டை. எல்லாவற்றுக்கும் அதே கோடு.

லேப்டாப் கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் செய்தால் பேச வேண்டுமே — நான் துண்டுச் சீட்டில் எழுத, மனைவி பேசினாள். "அணைச்சுப் போடறதையெல்லாம் அஞ்சு தடவை செஞ்சாச்சு, மண்டையில ஏறாதா?" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் போனில், "சார், வேற ஏதாவது வழி இருந்தா பாருங்களேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தைக்கூட என்னால் கோபமாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஆள் கடைசியில், "லினக்ஸுக்கு நாங்க பொறுப்பில்லை மேடம்" என்று வைத்துவிட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று நான் வெளியூர் போயிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

ரிப்பேர் கடை. குரல் இருக்கும் டிஸ்கைக் கழற்றி எடுத்துத் தரச் சொல்லி எழுதிக் காட்டினேன். "இதுல தனி டிஸ்க் கிடையாதுங்க, போர்டோட ஒட்டியிருக்கு. போர்டே தகராறு. புதுசா வாங்கிடுங்க." புதுசு வாங்கலாம். அதில் யார் பேசுவது?

மார்ச் 16, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அம்மா போன் செய்தாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டு, இன்னும் வெளியூர்தான் என்று ஆரம்பித்தாள். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "அவனுக்கு எம்மேல என்னடி கோபம்? மூணு மாசமா எதைச் சொன்னாலும் ஆமாம்மாங்கிறான். என் சிநேகிதி செத்துட்டாடான்னு அழறேன், சாப்டியாம்மாங்கிறான். நான் சலிச்சுப் போயிட்டேன்னா நேரா சொல்லிடச் சொல்லு."

சந்தேகம் வரவில்லை என்று நினைத்தேனே. அவளுக்கு வந்த சந்தேகம் இது.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டும்வரை அவள் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பதிவு — எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் அம்மா போனை வைத்துவிட்டாள். ஓடிப் போய் அம்மா என்று கூப்பிடக்கூட எனக்கு வழியில்லை. பாவி, நான் என்ன செய்துவைத்திருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணன் மெசேஜில் கிழிகிழி என்று கிழித்தான். அம்மா யாரோடும் பேசவில்லையாம். சாப்பிடுகிறாளாம். அதுவரைக்கும் சரி.

மார்ச் 23, ஞாயிறு

மச்சினன் புதிதாக ஏதோ அனுப்பியிருக்கிறான், இது நிச்சயம் பூட் ஆகுமாம். நான் ஏற்றிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மாவே கூப்பிட்டாள். "அவன்கிட்ட குடு" என்றாள். வாங்கிக் காதில் வைத்தேன். "அந்தப் பெட்டியெல்லாம் வேணாம். ஆமான்னா போன்மேல ஒரு தட்டு, இல்லேன்னா ரெண்டு. புரியுதா?"

ஒன்று தட்டினேன்.

சிநேகிதி செத்த கதையை முதலிலிருந்து சொன்னாள். அண்ணியைப் பற்றிக் குறை சொன்னாள். என் வேலை போகவில்லையே என்று கேட்டாள். தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "அறுத்தப்போ ரொம்ப வலிச்சுதாடா?" என்றாள்.

இரண்டு தட்டினேன்.

"பொய் சொல்லாதே" என்றாள்.